வருஷக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் காரை மறுபடி ரோட்டுக்கு எடுக்கணுமா? சாவியைத் திருகும் முன் இதைப் பாருங்க

அப்பா ஓட்டிய கார், வெளிநாடு போன தம்பியின் கார், புது வண்டி வந்ததும் ஓரங்கட்டிய பழைய மாருதி... இப்படி கவர் போட்டு மூடிய கார் ஒன்று பல வீடுகளில் நிற்கிறது. ஒருநாள் திடீரென்று அது தேவைப்படும். பேட்டரியை மாற்றி, டயருக்குக் காற்று அடித்து, அப்படியே தெருவுக்கு எடுத்துவிடுவார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது என்பதற்காக ரோட்டில் ஓட்டும் தகுதி அதற்கு வந்துவிடாது.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

ஆர்.சி. புத்தகத்தை, அல்லது ஸ்மார்ட் கார்டை எடுங்க. கிடைக்கவில்லை என்றால் எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டாலே போதும். பதிவு எதுவரை செல்லும், இன்சூரன்ஸ் எப்போது முடிந்தது, புகைச் சான்று இருக்கிறதா என்ற மூன்றும் தெரிந்துவிடும். நிலுவையில் இ-சலான் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்க. வண்டி நின்றிருந்தாலும் பழைய அபராதம் நிற்காது.

சொந்தப் பயன்பாட்டு காருக்குப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதற்குப் பிறகு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். '15 வருஷம் ஆனா வண்டி ஸ்கிராப்தான்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம். வயதைக் காரணம் காட்டி வண்டியை ஓரங்கட்டும் உத்தரவுகள் டெல்லி மற்றும் அதைச் சுற்றிய தலைநகரப் பகுதிக்கானவை. தமிழ்நாட்டில் தகுதியுள்ள பழைய காரைப் புதுப்பித்து ஓட்டலாம்.

இன்சூரன்ஸ் இல்லாமல் 'சும்மா ஒரு ரவுண்டு' போகலாமா?

கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவு, பொது இடத்தில் வண்டியைப் பயன்படுத்த மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. மீறினால் முதல் முறை ரூ.2,000, அடுத்த முறை ரூ.4,000 அபராதம். மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு.

அபராதம்கூடப் பெரிய விஷயமில்லை. நீண்ட நாள் நின்ற வண்டியில் பிரேக் சரியாகப் பிடிக்காமல் போவது சகஜம். தெருமுனை வரை போய் வரலாம் என்று எடுத்த கார் ஒருவர் மீது மோதிவிட்டால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் விதிக்கும் தொகையைக் கட்ட இன்சூரன்ஸ் கம்பெனி வராது. அது லட்சக்கணக்கில் போனாலும் உரிமையாளர் கையிலிருந்துதான் போகும். வண்டியை ஓட்டியது டிரைவரோ மெக்கானிக்கோ என்றாலும் உரிமையாளரின் பொறுப்பு கழன்றுவிடாது. அதனால் மெக்கானிக் 'ட்ரையல் பார்த்துட்டு வர்றேன்' என்று சொல்வதற்கு முன்பே பாலிசி கையில் இருக்கட்டும்.

மூன்றாம் நபர் பாலிசிக்கு 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 1000 சிசிக்கு உட்பட்ட காருக்கு ரூ.2,094, 1500 சிசி வரை ரூ.3,416, அதற்கு மேல் ரூ.7,897. ஜி.எஸ்.டி. தனி. சொந்த வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கும் சேர்த்து எடுக்கிறீர்கள் என்றால், பாலிசி விட்டுப்போன காரை நேரிலோ வீடியோவிலோ பார்த்த பிறகுதான் கம்பெனி சம்மதிக்கும். பழைய பாலிசி முடிந்து 90 நாள் தாண்டியிருந்தால் நோ கிளெய்ம் போனஸும் போயிருக்கும்.

சரி, ஷெட்டுக்குள் நிற்கும்போது இன்சூரன்ஸ் வேண்டுமா? சட்டம் கேட்பது பொது இடத்தில் பயன்படுத்துவதற்குத்தான். காம்பவுண்டுக்குள் நிற்கும் கார் வேறு, வீட்டு வாசல் தெருவில் மாதக்கணக்கில் நிற்கும் கார் வேறு. பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று நிற்கும் வண்டியை அப்புறப்படுத்த 127-வது பிரிவு போலீசுக்கு அதிகாரம் தருகிறது. 'எங்க வீட்டு வாசல்தானே' என்ற வாதம் அங்கே எடுபடாது.

ஆர்.சி. முடிந்துபோயிருந்தால்?

செலவு கூடும் இடம் இதுதான். படிவம் 25-ல் விண்ணப்பிக்க வேண்டும். பரிவாஹன் இணையதளத்திலேயே பணம் கட்டி, ஆய்வுக்கு நாள் குறித்துக்கொள்ளலாம். 15 ஆண்டு தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் ரூ.5,000. 20 ஆண்டும் தாண்டிவிட்டால், 2025 ஆகஸ்ட் திருத்தப்படி ரூ.10,000. இறக்குமதி கார் என்றால் இதைவிடப் பல மடங்கு.

இதோடு தாமதக் கட்டணமும் உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிப்படி காருக்கு ஒவ்வொரு மாத தாமதத்துக்கும் ரூ.500. பதிவு முடிந்து மூன்று வருஷம் கழித்துப் போனால், 36 மாதத்துக்கு ரூ.18,000 தாமதக் கட்டணம், ரூ.5,000 புதுப்பிப்பு என மொத்தம் ரூ.23,000. பழைய காரின் சந்தை விலையோடு இதை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்க. தமிழ்நாட்டில் பசுமை வரியும் சேரும். கட்ட வேண்டிய மொத்தத் தொகை விண்ணப்பத்தின்போதே திரையில் வந்துவிடும் என்பதால், புரோக்கர் சொல்லும் கணக்கை மட்டும் நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

அடுத்து ஆய்வு. நம் ஊரில் 'எஃப்.சி. காட்டுறது' என்பார்கள். மோட்டார் வாகன ஆய்வாளர், அதாவது எல்லோரும் சொல்லும் பிரேக் இன்ஸ்பெக்டர், சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், பிரேக், விளக்குகள், டயர், ஹாரன் எல்லாம் பார்ப்பார். சேசிஸ் நம்பர் துருவில் மறைந்திருந்தால் அங்கேயே சிக்கும், முன்கூட்டியே சுத்தம் செய்து வையுங்க. பதிவு செல்லாத காரை ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரை ஓட்டிப் போவதும் விதிமீறல்தான். முதல் முறைக்கே ரூ.2,000 முதல் ரூ.5,000 வரை அபராதம் விதிக்க சட்டத்தில் இடம் இருக்கிறது. ரெக்கவரி வண்டியில் ஏற்றிப் போவது நல்லது.

புகைச் சான்று

பி.எஸ்.-4, பி.எஸ்.-6 கார்களுக்கு ஒரு வருஷம், அதற்கு முந்தையவற்றுக்கு ஆறு மாதம். இல்லாமல் ஓட்டினால் ரூ.10,000 வரை அபராதம் போகலாம். நாள்பட்ட பெட்ரோலோடு போனால் சோதனையில் தோற்க வாய்ப்பு அதிகம் என்பதால், டேங்கைக் காலி செய்து, சர்வீஸ் முடித்த பிறகு போங்க.

ஆர்.சி. அப்பா பெயரில் இருக்கிறது, அவர் இப்போது இல்லை...

இந்த நிலையில்தான் பலரும் காரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். உரிமையாளர் இறந்தால், 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி, 3 மாதத்துக்குள் படிவம் 31 மூலம் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும் என்பது விதி. கெடு தாண்டியிருந்தாலும் வழி அடைபட்டுவிடவில்லை, கூடுதல் கட்டணத்தோடு மாற்றலாம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் தயாராக இருக்கட்டும். லோன் முடிந்தும் ஆர்.சி.யில் பேங்க் பெயர் இருந்தால், பேங்கிடம் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி அதையும் நீக்கிவிடுங்க. பெயர் மாற்றாமல் ஓட்டினால் நாளைக்கு விற்கவும் முடியாது, கிளெய்மும் இழுபறி ஆகும்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்ல வேண்டும்?

உடனே ஜம்ப் ஸ்டார்ட் போட வேண்டாம். முதலில் பானெட்டைத் திறந்து எலி கூடு கட்டியிருக்கிறதா, ஒயரைக் கடித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்க. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ளும் பார்க்கணும், அதற்குப் பிடித்த இடம் அதுதான். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பிரேக் ஆயிலும் அப்படித்தான். இன்ஜின் ஆயில், கூலன்ட்டோடு சேர்த்து எல்லாவற்றையும் மாற்றிவிடுங்க. டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். '2314' என்றால் 2014-ன் 23-வது வாரம். பட்டன் தேயாமல் புதுசு போல இருந்தாலும், அந்த வயது டயரில் பைபாஸ் ஏறாதீங்க.

நெடுஞ்சாலைக்குப் போவதென்றால் ஃபாஸ்டேக்கும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்க. செல்லாத டேக் என்றால் ரொக்கத்துக்கு இரு மடங்கு, 2025 நவம்பர் 15 முதல் யு.பி.ஐ.யில் கட்டினால் 1.25 மடங்கு.

கணக்குப் போட்டுப் பார்த்து, சரிசெய்வது கட்டுபடியாகாது என்று தோன்றினால், பழைய இரும்புக் கடையில் தள்ளிவிட வேண்டாம். அரசு பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்து, டெபாசிட் சான்று வாங்கி, 55-வது பிரிவின்படி ஆர்.சி.யை ரத்து செய்யுங்க. ரத்து செய்யாத வண்டி எண்ணை வேறு யாராவது பயன்படுத்தினால், நோட்டீஸ் உங்க வீட்டுக்குத்தான் வரும்.