மரபணு மருந்தைச் சுமக்கும் கைட்டோசான் நானோதுகள்கள்: நோயாளிகள் அறிய வேண்டியவை

தாம்பரம் சானடோரியம் அரசு நெஞ்சக மருத்துவமனையிலோ, தென்சென்னைப் புறநகரின் பிற மருத்துவமனைகளிலோ நீடித்த நோய்க்குச் சிகிச்சை பெறும் உங்களை 'நானோ மரபணு மருந்து' பற்றிய செய்திகள் எட்டியிருக்கலாம். அவற்றுள் எது ஆராய்ச்சி, எது சிகிச்சை எனப் பிரித்தறிய இப்பக்கம் உதவும்.

மரபணு சிகிச்சை என்றால் என்ன?

பழுதுபட்ட மரபணுவுக்கு ஈடாக அதன் நல்ல பிரதியைச் செல்லுக்குள் சேர்ப்பது இச்சிகிச்சையின் ஒரு முறை. டிஎன்ஏவைத் தனியாகச் செலுத்தினால் இரத்தத்திலுள்ள நொதிகள் அதைச் சிதைத்துவிடும். எனவே அதைப் பாதுகாத்துக் கொண்டுசேர்க்க ஒரு கடத்தி தேவை.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் கடுமையான ஹீமோபிலியா ஏ நோயாளிகள் 5 பேருக்கு, அவர்களுடைய இரத்தக் குருத்தணுக்களில் லென்டிவைரஸ் கடத்தி மூலம் மரபணு சேர்க்கப்பட்டது. கண்காணிப்புக் காலத்தில் ஐவருக்கும் இரத்தக்கசிவு ஏற்படவில்லை என 2024 டிசம்பரில் முடிவு வெளியானது.

கைட்டோசான் எவ்வாறு செயல்படுகிறது?

வைரஸுக்கு மாற்றாக ஆராயப்படும் கடத்திகளுள் ஒன்று கைட்டோசான். இறால், நண்டு ஓடுகளிலுள்ள கைட்டினிலிருந்து பெறப்படும் பாலிசாக்கரைடு இது.

• சற்றே அமிலத்தன்மையுள்ள கரைசலில் இது நேர்மின்சுமை பெறும். எதிர்மின்சுமை உடைய டிஎன்ஏவைப் பற்றி நுண்ணிய துகளாகத் திரளும்.
• அத்துகளைச் செல் ஒரு சிறு பைக்குள் உள்வாங்கும். பையிலிருந்து தப்பி உட்கருவை அடைந்தால்தான் மரபணு செயல்படும்.
• சளிப்படலத்தில் ஒட்டும் தன்மை உடையதால், மூச்சுவழி மருந்தாகவும் ஆராயப்படுகிறது.

இதன் குறைகள் யாவை?

உடலின் இயல்பான சூழலில் கைட்டோசான் எளிதில் கரைவதில்லை. மரபணுவைச் சேர்க்கும் திறனிலும் வைரஸ் கடத்திகளைவிடப் பின்தங்கியுள்ளது. வெளிநாடுகளில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு இவ்வகை மருந்து மனிதர்களிடம் சோதிக்கப்பட்டுள்ளது. இந்தியாவில் வழக்கமான சிகிச்சையாக இது வழங்கப்படுவதில்லை.

ஆய்வில் சேர அழைத்தால் என்ன கேட்க வேண்டும்?

• இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இந்த ஆய்வின் பதிவு எண் என்ன? (2009 முதல் பதிவு கட்டாயம்.)
• நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் உள்ளதா?
• விளக்கத் தாளும் ஒப்புதல் படிவமும் தமிழில் தரப்படுமா?
• ஆய்வினால் பாதிப்பு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் எவ்வாறு வழங்கப்படும்?

நீங்கள் எப்போது வேண்டுமானாலும் ஆய்விலிருந்து விலகலாம். ஆய்வு மருந்துக்குக் கட்டணம் கேட்டால் எச்சரிக்கையாக இருங்கள். இறால், நண்டு ஒவ்வாமை இருப்பின் முன்னதாகவே தெரிவியுங்கள்.

முக்கியக் குறிப்பு: புதிய மருந்தை எதிர்பார்த்து, காசநோய், எச்ஐவி உள்ளிட்ட எந்நோய்க்கும் தற்போது உட்கொள்ளும் மருந்துகளை நிறுத்தாதீர்கள். ஐயம் எழுந்தால் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.