சர்க்கரை நோயாளிகளின் நோன்பு

விரலில் குத்தி இரத்தம் பார்த்தால் நோன்பு முறிந்துவிடுமா என்று ரமளான் தோறும் நம்மிடம் கேட்கிறார்கள். அந்த அச்சத்தில் பகல் முழுவதும் சர்க்கரை அளவையே பார்க்காதவர்களும் உண்டு. முறியாது. பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பதும், உணவாகச் செலுத்தப்படாத ஊசியும் நோன்பை முறிக்காது என 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி முடிவு செய்துள்ளது. இன்சுலினும் அத்தகைய ஊசிதான்.

அளவு 70க்குக் கீழே இறங்கினாலோ 300ஐத் தாண்டினாலோ உடனே நோன்பை விட்டுவிட வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். மஃரிபுக்கு அரை மணி நேரம்தானே என்று பொறுத்திருப்பதுதான் ஆபத்து. சர்க்கரை இறங்கும்போது கை நடுக்கம், வியர்வை என்று தொடங்கி மயக்கம் வரை போகும். நோயாளி வேறு நாட்களில் நோற்றுக்கொள்ள அல்குர்ஆனே (2:184) சலுகை தந்திருக்க, வீட்டார் தடுப்பதும் முறையல்ல.

இஃப்தாருக்கு ஒன்றிரண்டு பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு கோப்பை நோன்புக் கஞ்சி போதும், கஞ்சியும் அரிசிதானே! சர்பத்தும் சமோசாவும் வேண்டாம். ஸஹரை விடக் கூடாது. தராவீஹ் தொழுகையே நல்ல உடற்பயிற்சி. மாத்திரை, இன்சுலின் அளவை ஷஅபானிலேயே மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள், நீங்களாகக் குறைக்காதீர்கள்.