சூலகம்: ஒரு பெயரின் வரலாறு

ஒரு பொருட்கு இடும் பெயர், அப்பொருளைப் பற்றி மக்கள் கொண்ட கருத்தைக் காட்டும். அக்கருத்துப் பிறழ்ந்ததாயின், பெயரே ஆய்வைத் தடுத்து நிற்றலும் உண்டு. பெண்ணுடலின் சூலகம் மேனாட்டு மருத்துவ நூல்களிற் பெற்ற பெயர்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

கி. மு. 300-ஐ ஒட்டி அலெக்சாந்திரியாவில் உடற்கூறு ஆய்ந்த எரோபிலசு, கருப்பையின் இருமருங்கும் அமைந்த இவ்வுறுப்புக்களைக் கண்டு விளக்கினார். ஆயின், ஆணின் விதைகட்கு வழங்கிய, 'இரட்டையர்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லையே இவற்றிற்கும் ஆண்டார். கி. பி. 2-ஆம் நூற்றாண்டினராகிய கேலன் இவ்வொப்புமையை ஒரு கொள்கையாகவே விரித்தார். ஆணுறுப்புக்கள் யாவும் பெண்ணிடத்தும் உள. உடல்வெம்மை குறைந்தமையின் அவை புறத்தே தோன்றாது அகத்தே நின்றன என்பது அவர் துணிபு. அகழெலியின் கண் திறவாது உள்ளடங்கியிருத்தலை இதற்கு உவமை காட்டினார். பெண்ணாவாள் நிறைவுறாத ஆண் என்னும் இக்கருத்து, ஆயிரம் ஆண்டிற்கு மேலும் நிலைத்தது. 1543-இல் வெசாலியசு வெளியிட்ட நூலிலும், கருப்பையும் கருவழியும் சேர்ந்த படம் ஆணுறுப்பின் வடிவிலேயே அமைந்துள்ளது. பிணத்தை அறுத்துக் கண்ணாரக் கண்டவர்க்கும் பழைய நூலே கண்ணாயிற்றுப் போலும்! 1561-இல் பல்லோப்பியோ கருக்குழல்களை ஊதுகொம்பிற்கு ஒப்பிட்டு விளக்கினார். எனினும் அவற்றின் தொழில் அன்று புலப்படவில்லை.

பெயர் மாற்றத்திற்கு வழிகாட்டியது பெண்ணுடலன்று, ஒரு மீன் என்பது வியப்பிற்குரியது. சுறா இனத்து மீனொன்றை அறுத்து ஆராய்ந்த டேனிய அறிஞர் இசுடெனோ, பெண்ணின் 'விதை' எனப்பட்டது முட்டை தோன்றும் இடமே என 1667-இல் எழுதினார். முட்டையிடம் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல் அதன்பின் வேரூன்றியது. நம் கலைச்சொல்லாகிய 'சூலகம்' இப்புதிய கருத்தின் வழியதேயாம். தமிழில் வழங்கும் 'அண்டம்' என்னும் வடசொல் முட்டையையும் ஆணின் விதையையும் ஒருங்கே குறித்தல் உண்மையே. எனினும் அது வடிவொப்புமை பற்றியதன்றிக் கேலன் கொள்கை பற்றியதன்று. 'சூல்' என்பதோ, நீர்கொண்ட மேகத்திற்கும் சங்கச் செய்யுட்களில் வழங்கிய சொல்.

1672-இல் டச்சு மருத்துவர் கிராப், முயல்களை ஆராய்ந்து சூலகத்தின் தொழிலை நிறுவினார். அவர் முட்டை எனக் கருதியது முட்டையைப் பொதிந்த நுண்ணறையையே. கருக்குழலிற் கண்ட முட்டை அவ்வறையினும் மிகச் சிறிதாயிருந்ததை அவரே குறித்துள்ளார். அம்முடிச்சு அவிழுமுன், மறு ஆண்டில், தம் 32-ஆம் வயதில் மறைந்தார். 155 ஆண்டுகள் சென்றபின், 1827-இல் பேயர் என்பார் பெண்நாய் ஒன்றின் நுண்ணறையினுள் மஞ்சள் நிறப் புள்ளியைக் கண்டார். அறையைப் பிளந்து, அதனை நுண்ணோக்கியின்கீழ் வைத்து நோக்கினார். அதுவே முட்டை. நுண்ணறைக்கோ இன்றும் கிராபின் பெயரே வழங்குகின்றது.