ஆங்கில முன்னிடைச்சொற்களும் தமிழ் வேற்றுமை உருபுகளும்

பெயர்ச்சொல்லுக்கு முன்னே நின்று, இடம், காலம், கருவி போன்ற உறவுகளைக் காட்டும் ஆங்கிலச் சொல் முன்னிடைச்சொல். பள்ளிக்கூடத்தில் ப்ரெபொசிஷன் என்பார்கள். தமிழில் இந்த வேலையைப் பெயருக்குப் பின்னால் ஒட்டும் வேற்றுமை உருபுகளும், மேல், வரை, பற்றி போன்ற சொற்களும் செய்கின்றன. ஓர் உருபுக்கு ஒரு முன்னிடைச்சொல் என்று நேர்க்கணக்கு கிடையாது. தமிழ் மாணவர்களின் பெரும்பாலான தடுமாற்றங்கள் இங்கேதான் பிறக்கின்றன.

ஜவ்வாது மலையை ஓர் எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்ளலாம். மலையில் ஊர், குன்றில் கட்டடம், வானாய்வகத்தில் வேலை: மூன்றுக்கும் தமிழில் ‘இல்’ போதும். ஆங்கிலம் மூன்றாகப் பிரிக்கும். குன்றுகள் சூழ அவற்றின் நடுவே இருக்கும் ஜமுனாமரத்தூர் ‘இன் த ஹில்ஸ்’. ஒரு குன்றின் பரப்பின் மேல் நிற்கும் கட்டடம் ‘ஆன் எ ஹில்’. காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் பணிபுரிகிறவர் ‘அட் தி அப்சர்வேட்டரி’. அங்கே சுவரும் கூரையும் முக்கியமல்ல, அந்த இடம் ஒரு புள்ளியாகவே எண்ணப்படுகிறது. சூழ்ந்தால் இன், பரப்பானால் ஆன், புள்ளியானால் அட்.

தமிழில் நுட்பம் குறைவு என்று இதற்குப் பொருளல்ல. நன்னூல் ஏழாம் வேற்றுமைக்கு மட்டும் 28 உருபுகளை அடுக்குகிறது. அன்றாடப் பேச்சில் அவற்றுள் பலவற்றின் வேலையை ‘இல்’ ஏற்றுக்கொண்டுவிட்டது.

காலத்துக்கும் இன், ஆன், அட் என்னும் அதே மூன்று சொற்கள்தான், ஆனால் அளவு வேறு. யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்ததைக் காவலூரிலிருந்து கவனித்தது 1977 மார்ச் 10 இரவு. அக்கோளின் வளையங்கள் வெளிப்பட்ட நிகழ்வு அது. ஆண்டை மட்டும் சொன்னால் ‘இன் 1977’. நாளைச் சொன்னால் ‘ஆன்’. பொதுவாக இரவில் என்றால் ‘அட் நைட்’, குறிப்பிட்ட தேதியின் இரவு என்றால் ‘ஆன் த நைட் ஆஃப்’. மணிக்கு எப்போதும் ‘அட்’.

தாய்மொழி கைகொடுக்கும் இடங்களும் உண்டு. இவற்றை வகுப்பறைகள் போதிய அளவு பயன்படுத்துவதில்லை. ‘சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்னும் பிழை நாடெங்கும் கேட்கிறது. ஆனால் ‘ஐந்து வருஷமாக’ என்பதையும் ‘1986இலிருந்து’ என்பதையும் தமிழர் ஒருபோதும் குழப்புவதில்லை. ‘ஆக’ வந்தால் ஃபார், ‘இருந்து’ வந்தால் சின்ஸ். ‘ஆறு மணிக்குள் வா’ என்பதற்கு பை, ‘ஆறு மணி வரை இரு’ என்பதற்கு டில். ஜவ்வாது மலையின் உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளையின் வீட்டுமொழியும் தமிழே. அந்தப் பிள்ளைக்கு ஆங்கில விதியை மனப்பாடம் செய்யவைப்பதைவிட இந்தத் தமிழ் வேறுபாட்டைச் சுட்டிக்காட்டுவது நல்லது.

இரண்டாம் வேற்றுமையும் பல இடங்களில் துணை நிற்கும். ‘போளூரை அடைந்தான்’, ‘அவளை மணந்தான்’ ஆகியவற்றில் உள்ள ‘ஐ’யைப் போலவே, ஆங்கிலத்திலும் ரீச், மேரி என்னும் வினைகளுக்குப் பின் முன்னிடைச்சொல் வராது. ‘டிஸ்கஸ் அபவுட்’ மட்டும் தமிழின் ‘பற்றி’யும் தூண்டக்கூடிய பிழை; டிஸ்கஸ் என்பதற்குப் பின் நேராகப் பொருளைச் சொன்னால் போதும்.

நான்காம் வேற்றுமை வேறு மாதிரி. போளூருக்குப் போக டு, அம்மாவுக்கு வாங்க ஃபார், ஆறு மணிக்கு எழ அட். ‘கு’ ஒன்றே மூன்றாகிறது. மூன்றாம் வேற்றுமை ‘ஆல்’ செய்தவரைக் குறித்தால் பை, கருவியைக் குறித்தால் வித்.

வாகனங்களில் ஒரு நடைமுறை அடையாளம் உதவும்: உள்ளே எழுந்து நடக்க முடிகிற பேருந்து, ரயில், விமானத்துக்கு ‘ஆன்’, காருக்கும் ஆட்டோவுக்கும் ‘இன்’. நடந்து போவது ‘ஆன் ஃபுட்’, ‘பை வாக்’ அல்ல.

டிபென்ட் ஆன், குட் அட், அஃப்ரெய்ட் ஆஃப் போன்றவற்றில் காரணம் தேடிப் பயனில்லை, சொல்லோடு சேர்த்தே படிக்க வேண்டும். ஆங்கிலேயர்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் இடையே ஒற்றுமை இல்லாத இடங்களும் இருக்கின்றன: வார இறுதிக்குப் பிரிட்டனில் ‘அட்’, அமெரிக்காவில் ‘ஆன்’, ஒருவர் பெயரைச் சூட்டுவதற்கு எங்கும் ‘ஆஃப்டர்’ செல்லும், அமெரிக்காவில் ‘ஃபார்’ என்றும் சொல்வார்கள். இவற்றில் எதை மாணவர் எழுதினாலும் விடைத்தாளில் சிவப்பு மையால் அடிக்கக் கூடாது.