கார்பாக்சிசோம்

கார்பாக்சிசோம் என்பது சயனோபாக்டீரியாக்களிலும் (நீலப்பச்சைப் பாசிகள்), கந்தகச் சேர்மங்களை ஆக்சிஜனேற்றி வாழும் சில பாக்டீரியாக்களிலும் காணப்படும் புரத உறையுள்ள நுண்பெட்டகம். பெரும்பாலும் 100 முதல் 200 நானோமீட்டர் குறுக்களவு கொண்டது. கரியமில வாயுவை உயிர்ப்பொருளாக மாற்றும் ரூபிஸ்கோ நொதி இதற்குள் நெருக்கமாக நிரம்பியிருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா போன்ற உயிரணு உறுப்புகளைக் கொழுப்புச் சவ்வு சூழ்ந்திருக்கும். கார்பாக்சிசோமுக்கு அத்தகைய சவ்வு கிடையாது. அதன் சுவர் முழுக்கப் புரதம்.

1956இல் மின்னணு நுண்ணோக்கியில் சயனோபாக்டீரியாக்களைப் பார்த்தவர்கள் உள்ளே பன்முக வடிவத் துகள்களைக் கண்டார்கள். விளிம்புகள் கூர்மையாக இருந்ததால் அவை வைரஸாக இருக்கலாம் என்ற ஐயமும் எழுந்தது. 1973இல் ஜெசப் ஷைவ்லியும் உடன் ஆய்வாளர்களும் ஒரு கந்தக பாக்டீரியாவிலிருந்து இத்துகள்களைப் பிரித்தெடுத்து, உள்ளே ரூபிஸ்கோ இருப்பதைக் காட்டி, கார்பாக்சிசோம் என்று பெயரிட்டனர்.

இப்படியொரு பெட்டகம் தேவைப்படுவதற்குக் காரணம் ரூபிஸ்கோவின் குறைகள். அது நொடிக்குச் சில கரியமில வாயு மூலக்கூறுகளையே கையாளும். போதாததற்கு ஆக்சிஜனையும் தவறாகப் பற்றிக்கொண்டு ஆற்றலை வீணாக்கும். இதற்கு ஈடாக, சயனோபாக்டீரியா பைகார்பனேட் அயனியை உள்ளே இறைத்துச் சேமிக்கிறது. பைகார்பனேட் உறையைக் கடந்து பெட்டகத்துக்குள் வந்ததும், அங்குள்ள கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதி அதைக் கரியமில வாயுவாக மாற்றுகிறது. அந்த வாயு வெளியே தப்புவதை உறை தடுப்பதால், ரூபிஸ்கோவைச் சுற்றி அதன் செறிவு உயர்ந்து, ஆக்சிஜன் போட்டியில் பின்தங்குகிறது. இந்த விளக்கத்துக்கு மிக அழகான சான்று 1989இல் கிடைத்தது. டீன் பிரைஸும் மரே பேட்ஜரும் மனிதக் கார்பானிக் அன்ஹைட்ரேஸை ஒரு சயனோபாக்டீரியாவின் சைட்டோபிளாசத்தில் உற்பத்தியாக வைத்தனர். பைகார்பனேட் பெட்டகத்தை அடையும் முன்பே வாயுவாகிக் கசிந்துவிட, கரியமில வாயு மிகுதியாகக் கொடுத்தால்தான் அந்த உயிரணு வளர்ந்தது. நொதி எங்கே இருக்கிறது என்பதும் வேதிவினையின் ஒரு பகுதிதான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம்.

உறை ஒரே ஒரு புரத அடுக்கால் ஆனது. தடிமன் சில நானோமீட்டர்தான். அதன் பெரும்பரப்பு அறுகோணத் தகடுகள். ஒவ்வொரு தகடும் ஒரே வகையான ஆறு சிறு புரதங்களின் கூட்டு. இவற்றின் அணுநிலை வடிவம் 2005இல் செரில் கெர்ஃபெல்டு, டாட் யேட்ஸ் ஆகியோரின் குழு நடத்திய படிகவியல் ஆய்வில் முதன்முதலில் வெளியானது. படிகத்திலேயே தகடுகள் இடைவெளியின்றி விரிப்பாக அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் நேர்மின் தன்மையுள்ள நுண்துளை இருந்தது. எதிர்மின் அயனியான பைகார்பனேட் நுழைய ஏற்ற வழி அது. மூன்று இரட்டைப் புரதங்கள் சேர்ந்த வேறொரு வகைத் தகட்டின் துளை பெரியது. திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் அது காணப்பட்டுள்ளது.

அறுகோணங்களை மட்டும் அடுக்கினால் தட்டையான விரிப்புதான் கிடைக்கும். அது மூடிய கூடாக வளைய, முனைகளில் 12 ஐங்கோணங்கள் வேண்டும். அந்த ஐங்கோணப் புரதங்களின் வடிவம் 2008இல் தெரியவந்தது. ஒரு சயனோபாக்டீரியாவில் அவற்றை நீக்கியபோது பெட்டகங்கள் மூடப்படாமல் நீண்டு வளர்ந்தன. ஒரு கந்தக பாக்டீரியாவிலோ, பெரும்பாலான பெட்டகங்கள் வடிவம் கெடாமலே இருந்தன. ஆனால் கரியமில வாயு கசிந்தது. 2017இல் ஹாலியாங்கியம் ஓக்ரேசியம் என்ற கடல்சார் பாக்டீரியாவின் மரபணுக்களிலிருந்து உருவாக்கிய, சுமார் 40 நானோமீட்டர் அளவுள்ள முழு உறையின் அணுநிலை வடிவம் வெளியானது. அது கார்பாக்சிசோம் அல்ல, அதன் உறவுப் பெட்டகம். எனினும் தகடுகளின் குழிந்த முகம் வெளிப்புறம் நோக்கியிருக்கிறது என்பதை உறுதிசெய்தது அதுவே.

கார்பாக்சிசோம்களில் ஆல்ஃபா, பீட்டா என இரு வகைகள் உண்டு. ஒன்றுபோலத் தோன்றினாலும் அவை கட்டமைக்கப்படும் முறை வேறு. பீட்டா வகையில் முதலில் உருவாவது உள்ளடக்கம். சிசிஎம்எம் என்ற புரதத்தில், ரூபிஸ்கோவின் சிறு உட்கூறை ஒத்த பகுதிகள் வரிசையாக உள்ளன. இவை பல ரூபிஸ்கோக்களை ஒரே நேரத்தில் பற்றி இணைக்க, அவை திரவத் துளிபோன்ற திரளாகப் பிரிந்து சேர்கின்றன. பிறகு சிசிஎம்என் என்ற புரதம் தன் வால்நுனியிலுள்ள குறுந்தொடரால் உறைத் தகடுகளை அத்திரளின் மேல் வரவழைக்கிறது. ஐங்கோணங்கள் மூடியதும் பெட்டகம் தனித்துப் பிரிகிறது. ஆல்ஃபா வகையில் சிஎஸ்ஓஎஸ்2 என்ற நீண்ட, நெகிழ்வான புரதமே இரு வேலையையும் செய்கிறது: ஒரு முனை ரூபிஸ்கோவைப் பற்ற, மறுமுனை உறையைப் பற்றுகிறது. பாதி கட்டிய உறைகளின் உட்புறத்தில் ரூபிஸ்கோ ஒட்டியிருப்பது மின்னணு நுண்ணோக்கிப் படங்களில் தெரிந்தது. உறையும் உள்ளடக்கமும் இங்கே கூடவே வளர்கின்றன. ரூபிஸ்கோ இல்லாவிட்டாலும் ஆல்ஃபா வகை வெற்றுறையாக உருவாகக்கூடியது.

உயிரணு பிரியும்போது பெட்டகங்கள் இரு மகவுக்கும் கிடைக்க வேண்டும். அதற்காக மெக்டிஏ, மெக்டிபி என்ற இரு புரதங்கள் அவற்றை டிஎன்ஏ நெடுகச் சீரான இடைவெளியில் நிறுத்துகின்றன.

இதே உறைப்புரதக் குடும்பம் கார்பாக்சிசோமோடு நிற்பதில்லை. சால்மோனெல்லா புரோப்பேன்டையாலை உண்ணும்போது உருவாகும் பெட்டகம், இடையில் தோன்றும் நச்சு ஆல்டிஹைடை உள்ளேயே அடைத்து வைக்கிறது. அங்கே கட்டுவது வாயுவின் செறிவுக்காக அல்ல, உயிரணுவின் பாதுகாப்புக்காக.

கார்பாக்சிசோமைப் பயிர்களுக்குள் கொண்டுவரும் முயற்சியும் நடக்கிறது. 2018இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒரு சயனோபாக்டீரியாவின் ரூபிஸ்கோ, சிஎஸ்ஓஎஸ்2, ஒரு உறைப்புரதம் ஆகியவற்றைப் புகையிலையின் பசுங்கணிகத்தில் உருவாக்கினர். பெட்டகம் போன்ற அமைப்புகள் தோன்றின. கரியமில வாயு மிகுந்த காற்றில் அச்செடிகள் ஒளிச்சேர்க்கை செய்து வளர்ந்தன. சாதாரணக் காற்றில் பயன் கிடைக்க, கார்பானிக் அன்ஹைட்ரேஸும் பைகார்பனேட் இறைப்பான்களும் உடன் சேர வேண்டும்.