மாநிலமே முதலாளியானால்: அமெரிக்க அரசு ஊழியரும் இறையாண்மை விலக்குரிமையும்

அமெரிக்காவில் தனியார் நிறுவனம் ஒன்று கூட்டாட்சித் தொழிலாளர் சட்டத்தை மீறினால், தொழிலாளி கூட்டாட்சி நீதிமன்றத்தில் இழப்பீடு கோரலாம். மீறியது மாநில அரசு எனில், அதன் ஊழியரின் வழக்கு விசாரணைக்கு முன்பே தள்ளுபடியாகக்கூடும். இதுவே மாநிலங்களின் இறையாண்மை விலக்குரிமை.

1795இல் ஏற்கப்பட்ட பதினொன்றாம் திருத்தத்தின் வாசகம் பிற மாநிலத்தவரும் அயல்நாட்டினரும் தொடுக்கும் வழக்குகளையே தடுக்கிறது. சொந்த மாநிலத்தவரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அவர்களுக்கும் தடையை நீட்டியது 1890ஆம் ஆண்டின் ஹான்ஸ் எதிர் லூசியானா தீர்ப்பு.

மெய்ன் மாநில நன்னடத்தை அலுவலர்கள் மிகைநேர ஊதியம் கேட்டு 1992இல் கூட்டாட்சி நீதிமன்றம் சென்றனர், வழக்கு தள்ளுபடியானது. பின் மாநில நீதிமன்றத்தை நாடினர். மாநிலத்தின் இசைவின்றி அங்கும் வழக்கு நில்லாது என்று 1999இல் உச்ச நீதிமன்றம் 5-4 பெரும்பான்மையில் கூறியது. சட்டம் மாநிலத்தைக் கட்டுப்படுத்தும். ஆனால் நிலுவை ஊதியத்தை ஊழியர் வழக்காடிப் பெற முடியாது. உறுப்பு 226இன்கீழ் அரசுக்கு எதிராக உயர் நீதிமன்றம் செல்வதைக் கற்ற நம் சட்ட மாணவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றும்.

இத்தடையைத் திறக்கும் வலிய திறவுகோல் 1868ஆம் ஆண்டின் பதினான்காம் திருத்தம். அடிமைமுறையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களின் சமத்துவத்துக்காக எழுந்த அத்திருத்தம், மாநிலங்கள்மீது அதைச் செயற்படுத்தும் அதிகாரத்தைக் காங்கிரசுக்கு அளித்தது. அவ்வதிகாரத்தால் விலக்குரிமையை நீக்கலாம் என 1976இல் ஃபிட்ஸ்பாட்ரிக் எதிர் பிட்சர் வழக்கில் முடிவானது. எனவே இன, பாலினப் பாகுபாட்டுக்கு மாநிலம் இழப்பீடு தந்தாக வேண்டும். அவ்வழக்கைத் தொடுத்தோர் கனெக்டிகட் மாநிலத்தின் ஆண் ஊழியர்கள் என்பதையும் குறிக்கலாம்: கறுப்பின விடுதலையின் பயன் அவர்களையும் எட்டியது.

பிறருக்கு நீதிமன்றம் அத்தனை தாராளம் காட்டவில்லை. வயதுப் பாகுபாட்டு வழக்குகள் 2000இல் அடைபட்டன. மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் திரும்பிய அலபாமா பல்கலைக்கழகச் செவிலியர் இயக்குநர் பாட்ரிசியா காரெட், பதவியை இழந்து குறைந்த ஊதியப் பணிக்கு மாறினார். ஊனமுற்றோரை மாநிலங்கள் தொடர்ந்து அரசமைப்புக்கு முரணாக நடத்தியதற்குக் காங்கிரஸ் போதிய சான்று திரட்டவில்லை என்று 2001இல் நீதிமன்றம் அவர் தரப்பை மறுத்தது. பாதிக்கப்பட்டவர் தம் துயரை மெய்ப்பித்தாலும் போதாது. நாடு தழுவிய வரலாற்றையே மெய்ப்பிக்க வேண்டும் என்பது எவ்வளவு பெரிய சுமை!

1908ஆம் ஆண்டின் யங் தீர்ப்பின் வழியே, அதிகாரிமீது வழக்கிட்டு மீண்டும் பணியமர்த்தக் கோரலாம். கடந்தகால ஊதியம் கிட்டாது. நகராட்சிக்கும் கவுண்டிக்கும் இவ்விலக்குரிமை இல்லை. ஆகவே ஊனத்தின் பெயரால் ஒதுக்கப்பட்ட இருவரில், கவுண்டி மருத்துவமனைச் செவிலியர் கூட்டாட்சி நீதிமன்றத்தில் இழப்பீடு கோரலாம். மாநிலப் பல்கலைக்கழக மருத்துவமனைச் செவிலியர் 2001 தீர்ப்புக்குரிய அதே சட்டத்தின்கீழ் கோர இயலாது.