ஆறுமணிக் குருவியும் அரை மணித்தியாலமும்

எமது அட்டாளைச்சேனை வளவின் மாமரத்தடிச் சருகைக் கிளறிக்கொண்டு வருடா வருடம் ஒரு விருந்தாளி தங்கிச் செல்வதுண்டு. பச்சை முதுகு, கண்ணோரம் கறுப்புப் பட்டி, அடிவயிற்றில் சிவப்பு, கட்டை வால். ஒக்டோபர் அளவில் இந்தியாவிலிருந்து கடல் கடந்து வரும். சித்திரையில் இமயமலை அடிவாரத்துக்கும் மத்திய இந்தியக் காடுகளுக்கும் முட்டையிடத் திரும்பிவிடும். காலையும் மாலையும் ஏறக்குறைய ஆறு மணிக்கு இரட்டைச் சீழ்க்கை எழுப்புவதால் ஆறுமணிக் குருவி என்று பெயர். நாழிகைக் கணக்கில் வாழ்ந்தவர்கள் இப்பெயரை வைத்திருக்க முடியாது; கடிகாரம் வந்த பின்னர் பிறந்த பெயர் என்பது எனது ஊகம்.

அந்தக் கடிகாரமோ இந்நாட்டில் நிலையாக இருந்ததில்லை. இரண்டாம் உலகப் போரின்போது 1942 இல் முன்தள்ளப்பட்டு 1945 இல் பழைய நிலைக்கு வந்தது. 1996 மே மாதத்தில், வறட்சியால் நீர்மின் உற்பத்தி வீழ்ந்தபோது, அரசாங்கம் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. ஒக்டோபரில் பாதியைக் குறைத்தது. எஞ்சிய அரை மணித்தியாலம் சுமார் பத்து வருடங்கள் நீடித்தது. 'புதிய நேரமா, பழைய நேரமா?' என்று கேளாமல் எவரும் எங்கும் போகவில்லை. பாங்கும் குருவியும் மாத்திரம் சூரியனோடு நின்றுகொண்டன.

விடுதலைப் புலிகள் தமது கட்டுப்பாட்டுப் பகுதிகளில் புதிய நேரத்தை ஏற்கவில்லை. ஆகவே மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையில் ஒரு நேரம், படுவான்கரையில் இன்னொரு நேரம். சூரியன் எழுவதையும் படுவதையும் வைத்துப் பெயர் பெற்ற கரைகளுக்கு வந்த கதி இது!

1999 தை மாதத்தில் செய்தி சேகரிக்கப் படுவான்கரை சென்ற நான், கைக்கடிகாரத்தைப் பழைய நேரத்துக்குத் திருப்பி வைத்தேன். திரும்புகையில் அதனை மறந்துபோனேன். மாலை ஆறு மணிக்குப் பாதை மூடப்படும். ஐந்தே முக்காலுக்கே துறைக்கு வந்துவிட்டதாக நினைத்து நிற்கிறேன். அக்கரையில் மணி ஆறேகால். தோணி இல்லை. வந்த வழியே நடக்கையில் பற்றைக்குள்ளிருந்து குருவி கூவியது. அன்றிரவு முன்பின் அறியாத ஒரு விவசாயியின் வீட்டில் சோறும் பாயும் கிடைத்தன. வீட்டில் உம்மாவோ விடியும்வரை தொழுகைப் பாயிலேயே இருந்திருக்கிறார். மறுநாள் என்னைக் கண்டதும் பேசவில்லை. கையைப் பிடித்துப் பார்த்தார்.

2006 ஏப்ரல் 15 இல், புத்தாண்டுக்கு மறுநாள், பழைய நேரம் திரும்பியது. குருவிகள் வடக்கே போகும் காலம் அது. ஒக்டோபரில் மீண்டும் வந்து மாமரத்தடியில் கூவியபோது உம்மா மஃரிபுக்காக வுழுச் செய்துகொண்டிருந்தார். நான் ஆவலோடு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஆறுக்கு இன்னும் பத்து நிமிடங்கள் இருந்தன.